வட்டம் நிற்குமா?

கணினித் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். வேலை முடியுமா, இப்படியே சுற்றுமா? எந்த நிரலைக் கொடுத்தாலும் இதை முன்கூட்டியே சொல்ல ஒரு நிரல் எழுத முடியுமா?

முடியாது. எழுதவே முடியாது. இந்த முடிவுக்கு வழி திறந்தது இங்கிலாந்தின் ஆலன் டூரிங் 1936-இல் எழுதிய கட்டுரை. மின்னணுக் கணினிகள் வராத காலம் அது!

நிரலை ஓடவிட்டுப் பார்த்தால் போதாதா? பஸ்ஸுக்கு நிற்பதுபோல்தான் அது. வந்துவிட்டால் தெரிந்துவிடும். வராதவரை? இன்னும் கொஞ்சம் நின்றால் வருமோ, வரவே வராதோ. காத்திருந்து மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, காத்திருக்காமலே சொல்லும் ஒரு நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தன்னைப் பற்றி அதனிடமே கேட்டு, அது சொல்வதற்கு நேர்மாறாக நடக்கும் இன்னொரு நிரலை எழுதிவிடலாம். ‘நீ நிற்பாய்’ என்றால் ஓடிக்கொண்டே இருக்கும். ‘நிற்கமாட்டாய்’ என்றால் நின்றுவிடும். எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். எவ்வளவு அழகான வாதம் பாருங்கள்!

வேகமான கணினி வாங்கினாலும் இது மாறாது. குறிப்பிட்ட சில நிரல்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் சொல்லும் ஒன்றுதான் கிடையாது. ஆகவே நிரல் எழுதுபவர்கள் பல இடங்களில் நேர வரம்பு வைத்துவிடுகிறார்கள்: இத்தனை நொடிக்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடு என்று.