கறிக்கடைக் கடனும் கடவுள் பெயரும்



கடவுளுக்குப் பெருமை சேர்ப்பது வழிபாடா, வாழும் முறையா? வாழும் முறையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "யூதர்களைப் பாருங்கள்! நாளுக்கு மூன்று வேளை பிரார்த்தனை. வாரத்தில் ஒரு நாள் அடுப்புகூடப் பற்ற வைப்பதில்லை. அந்த வழிபாடுதானே அவர்களைக் காப்பாற்றியது?" என்று கேட்டார். அம்மா, நல்ல இடத்துக்குத்தான் வழி காட்டினீங்க. வாங்க, அங்கேயே போவோம். (சிரிப்பு)

யூதர்களிடம் ஒரு சொல் உண்டு: 'கிதுஷ் ஹஷேம்'. 'ஹஷேம்' என்றால் 'அந்தப் பெயர்'. கடவுளின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு மரியாதை. நம்ம வீட்டுப் பாட்டி தாத்தா பேரைச் சொல்லாம 'அவுக'ன்னு சொல்ற மாதிரி! (சிரிப்பு) அந்தப் பெயரைப் புனிதப்படுத்துவதுதான் கிதுஷ் ஹஷேம். நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்களை இந்தச் சொல்லால்தான் போற்றுகிறார்கள். உண்மை. ஆனால் உயிரைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. மற்ற நாளெல்லாம் அந்தப் பெயரை எங்கே காப்பாற்றுவது? அவர்களுடைய ஞானிகள் காட்டிய இடம் எது தெரியுமா? சந்தை!

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிமியோன் பென் செட்டாக் என்று ஓர் அறிஞர். பெரிய அறிஞர், ஆனால் பிழைப்பு சணல் வியாபாரம். ஆசிரியர் கஷ்டப்படுகிறாரே என்று மாணவர்கள் ஓர் அராபியரிடம் கழுதை வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அதன் கழுத்தில் ஒரு முத்து தொங்குகிறது!

"ஐயா, இனிமே நீங்க உழைக்கவே வேண்டாம்!" என்று குதித்தார்கள். அவர் கேட்டார்: "வித்தவருக்கு இது தெரியுமா?" "தெரியாதுங்க." "அப்படியானா கொண்டுபோய்க் கொடுங்க."

மாணவர்கள் சட்டம் பேசினார்கள். அறிஞர் அசையவில்லை. காசு கொடுத்தது கழுதைக்கு, முத்துக்கு இல்லை என்பது அவர் கணக்கு. முத்து திரும்பிப் போனது. வாங்கிக்கொண்ட அந்த மனிதர் யாரை வாழ்த்தினார்? சிமியோனை அல்ல, சிமியோனுடைய கடவுளை வாழ்த்தினார்! (கைதட்டல்) அவர் யூதரும் அல்ல. யூதர்களின் வேதத்தைப் படித்தவரும் அல்ல. அவர் படித்த ஒரே வேதம் அந்த முத்து திரும்பி வந்ததுதான்.

சரி, பெயரைப் புனிதப்படுத்தலாம் என்றால் கெடுக்கவும் செய்யலாமே? அதற்கும் சொல் வைத்திருக்கிறார்கள்: 'ஹில்லுல் ஹஷேம்'. எது ஹில்லுல் ஹஷேம் என்று தல்மூத் நூலில் ஒரு கேள்வி. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த ராவ் என்ற பேரறிஞர் பதில் சொல்கிறார். கொலை என்கிறாரா? கோயிலை இடிப்பது என்கிறாரா? இல்லை. என் போன்றவன் கறிக்கடையில் கறி வாங்கிவிட்டு உடனே காசு கொடுக்காமல் வருவதுதான் என்கிறார்! (சிரிப்பு)

சிரிக்கலாம். நானும் சிரித்தேன், எனக்கு நடந்தது நினைவுக்கு வரும் வரை. நான் விரிவுரையாளராக இருந்தபோது மளிகைக் கடையில் இரண்டு மாதப் பாக்கி. ஒரு நாள் வாசலில் நிற்கிறேன். கடைக்காரர் தன் சின்னப் பையனிடம் பெருமையாகச் சொல்கிறார்: "இந்த சார் மேடையில ஏறினா நேர்மையைப் பத்தி என்னமா பேசுவாரு தெரியுமா!" பையன் பற்று நோட்டைப் புரட்டிக்கிட்டே கேட்டான்: "அப்ப அதெல்லாம் சும்மாவாப்பா?"

நடுவர் அவர்களே, அன்று கெட்டது என் பெயர் மட்டுமா? நான் மேடையில் எடுத்துப் பேசிய அத்தனை நல்லவர்களின் பெயரும் அந்த நோட்டில் பாக்கியாகி நின்றது. மறுநாளே கடனை அடைத்தேன். ஆனால் அந்தப் பையன் மனதில் விழுந்த வரவு செலவை எப்படி அடிப்பது? ராவ் பயந்ததும் இதுக்குத்தான். படித்தவன் ஏமாற்றினால், படிப்பும் ஏமாற்று என்று ஊர் கற்றுக்கொள்ளும்.

"அதெல்லாம் பழைய காலம்" என்பீர்கள். 1995 டிசம்பர் 11. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம். ஆரோன் ஃபாயர்ஸ்டைன் என்ற யூதருக்கு அன்று எழுபதாவது பிறந்தநாள். அன்று இரவே அவருடைய மால்டன் மில்ஸ் துணி ஆலை தீப்பிடித்து எரிந்தது. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓய்வு எடுத்திருக்கலாம். கூலி குறைந்த நாட்டுக்கு ஆலையை மாற்றியிருக்கலாம். அவர் என்ன செய்தார்? அதே ஊரில் கட்டுவேன் என்றார். வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குச் சம்பளமும் கொடுத்தார். முதலில் ஒரு மாதம். அப்புறம் இன்னொரு மாதம். அதற்கப்புறமும் ஒரு மாதம்! (கைதட்டல்) அவர்களில் எத்தனையோ பேர் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள்; அவர் மதத்தைச் சேராதவர்கள்.

கைதட்டியவர்களிடம் மீதியையும் மறைக்கக் கூடாது. ஆலை மீண்டும் எழுந்தது. ஆனால் கடன் அழுத்தி, 2001-இல் திவால் மனு கொடுத்தது. பிறகு நிறுவனம் அவர் கையை விட்டே போனது. "பார்த்தீங்களா, நல்லது செஞ்சு என்ன கிடைச்சுது?" என்று எதிரணி கேட்கும். ஐயா, லாபம் வரும் என்று செய்தால் அது முதலீடு. நஷ்டம் வந்தாலும் சரி என்று செய்தால்தான் அது பக்தி! (பலத்த கைதட்டல்) 2021-இல் தொண்ணூற்றைந்து வயதில் அவர் மறைந்தபோது உலகம் நினைத்துப் பார்த்தது திவாலை அல்ல, அந்தச் சம்பளத்தைத்தான்.

பிரார்த்தனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபாயர்ஸ்டைனும் தவறாமல் தொழுதவர்தான். பிரார்த்தனை வேர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேரை யார் பார்க்கிறார்கள்? ஊர் ருசி பார்ப்பது பழத்தை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் மீதிச் சில்லறை பத்து ரூபாய் அதிகமாக வந்தால், திருப்பிக் கொடுங்கள். அந்தக் கடைக்காரர் உங்கள் பெயரை மறந்துவிடுவார். ஆனால் "சாமி கும்புடுறவங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று ஒரு நிமிடம் நினைப்பார். அந்த ஒரு நிமிடத்தில் இறைவனுக்கு நீங்கள் செய்தது பெரிய பூசை. நல்ல தீர்ப்பு தாருங்கள், நடுவர் அவர்களே. (கைதட்டல்)