பரணில் கிடக்கும் பாக்குவெட்டி



உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன கிடக்கிறது? பாட்டியின் பாக்குவெட்டி. தாத்தாவின் மரப்படி. ஓட்டை விழுந்த பித்தளைச் சொம்பு. பழைய பாத்திரக்காரர் வந்தால் எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைப்பீர்கள். போடுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

மகாராட்டிர மாநிலத்தில் புனே என்ற நகரம் இருக்கிறது. அங்கே தினகர் கேல்கர் என்பவர் வாழ்ந்தார். 1896-இல் பிறந்தவர். 1920-ஆம் ஆண்டு வாக்கில் பழைய பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார். என்ன பொருள்கள்? விளக்கு, பூட்டு, பாக்குவெட்டி, சமையல் பாத்திரம். எல்லாம் வீடுகளில் புழங்கியவை.

அவருக்கு ஒரே மகன். பெயர் ராஜா. அந்தப் பிள்ளை சிறு வயதிலேயே இறந்துபோனான். மகன் நினைவாகத் தம் அருங்காட்சியகத்துக்கு அவன் பெயரையே வைத்தார். 1960-க்குள் சுமார் 15,000 பொருள்கள் சேர்ந்தன. விற்றிருந்தால் நல்ல பணம் கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. மாநில அரசிடம் ஒப்படைத்தார். 1990-இல் மறைந்தார். அந்த அருங்காட்சியகத்தில் இப்போது 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன.

இன்னொரு ஊர் அமிர்தசரஸ். 1947-இல் நாடு பிரிந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் சொந்த ஊரை விட்டுப் போனார்கள். கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் அங்கே பிரிவினை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தக் குடும்பங்கள் கொடுத்த பெட்டியும், பாத்திரமும், துணியும், கடிதமும் அங்கே இருக்கின்றன. பூவேலை செய்த மேல்சட்டை ஒன்றும் இருக்கிறது. சந்தையில் அது பழைய துணிதான். ஊரை இழந்து வந்த ஒரு பெண் கொண்டுவந்த சட்டை என்று தெரிந்தால், பார்ப்பவர் மனம் கலங்கும்.

பொருள் தானாகப் பேசாது. அதன் கதைதான் அதைப் பேச வைக்கும்.

சரி, அருங்காட்சியகத்துக்குப் பொருள் கொடுக்க என்ன செய்யவேண்டும்?

முதலில் வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். அது அண்ணன், தங்கைக்கும் பாத்தியப்பட்ட பொருளாக இருக்கலாம். பின்னால் சண்டை வரக்கூடாது.

பொருளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வண்ணம் பூசாதீர்கள். பழமையின் அடையாளம் போய்விடும்.

அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். எல்லாப் பொருளையும் அவர்கள் வாங்கமாட்டார்கள். வைக்க இடமும், காக்க ஆளும் வேண்டுமே! வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள்.

கொடுத்த பொருள் எப்போதும் பார்வைக்கு இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். புனேயிலேயே சுமார் 2,500 பொருள்களைத்தான் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். மற்றவை உள்ளே பத்திரமாக இருக்கின்றன.

இனி, மிக முக்கியமான செய்தி. பொருளை வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். நன்கொடையா, இரவலா என்று பாருங்கள். நன்கொடை என்றால் பொருள் பெரும்பாலும் திரும்பி வராது. இரவல் என்றால் எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கவேண்டும். புரியாவிட்டால் கேளுங்கள். ஒரு நகல் வாங்கி வையுங்கள். பெருவிரல் உருட்டிய காலத்தில் இதெல்லாம் முடியாது. இப்போது உங்களால் முடியும்.

கொடுக்க மனம் வரவில்லையா? கொடுக்கவேண்டாம். வீட்டிலேயே காப்பாற்றுங்கள். அதுவும் நல்ல செயல்தான்.

ஒன்றை மறக்காதீர்கள். மண்ணைத் தோண்டும்போது புதையல் கிடைத்தால், அதை நீங்களே வைத்துக்கொள்ளவோ கொடுக்கவோ கூடாது. மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அப்படிச் சொல்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் பரணில் ஏறிப் பாருங்கள். ஒரு பொருளைக் கீழே இறக்குங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். இது யாருடையது? எந்த ஊரில் வாங்கியது? எதற்குப் பயன்பட்டது? அவர் சொல்வதை ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். தேதி போடுங்கள். பொருளோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

பொருள் நூறு ஆண்டு இருக்கும். சொல்லத் தெரிந்தவர் அத்தனை காலம் இருக்கமாட்டார். அவர் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.