கையிருப்புத் துணியும் கைத்தொழிலும்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவரிடையே, வீட்டின் ஒரு மூலையில் தையல் இயந்திரத்தை இட்டுத் தொழில் தொடங்குவோர் பலர். முதலில் அண்டை வீட்டாருக்கு இரவிக்கை தைப்பார்கள். பின்னர், தம் ஆடைகளுக்கு ஒரு பெயரைச் சூட்டி, அப்பெயர் பொறித்த சீட்டைக் கழுத்துப் பட்டையில் வைத்துத் தைத்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். அத்தகையோர்க்கு முதலில் எழும் கேள்வி, துணியை எங்கே வாங்குவது, எப்படி வாங்குவது என்பதே.

நாம் கேட்கும் நிறத்தில், நாம் கேட்கும் நெசவில் ஆலைகள் துணி செய்து தருவதுண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான மீட்டர் கேட்டால்தான் அவை இணங்கும். வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். சிறு முதலீட்டாளருக்கு அது எட்டாக் கனி. ஆகவே, வணிகரிடம் ஆயத்தமாக உள்ள கையிருப்புத் துணியே அவருக்குத் துணை.

இந்தியாவில் அதற்குப் பஞ்சமில்லை. தில்லியில் சாந்தினி சௌக்கின் கட்ரா நீல், மும்பையில் மங்கள்தாஸ் மார்க்கெட், செயற்கை இழைத் துணிக்குச் சூரத், கால்சட்டைத் துணிக்குப் பில்வாரா, அச்சுத் துணிக்குச் சாங்கானேர் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறப்பு உண்டு. பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் நெய்யப்படும் காடாத் துணி வடநாடு சென்று, அங்கே சாயமேறி விற்பனைக்கு வருவதும் உண்டு. நீங்கள் வடக்கே விலை பேசும் துணி, ஒருவேளை நம் கொங்கு நாட்டுத் தறியில் பிறந்ததாகவும் இருக்கலாம்!

இனி, எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். தில்லியில் வாழும் என் அண்ணி, நான்கு இயந்திரங்களை வைத்துப் பெண்களுக்கான குர்த்தாக்கள் தைத்து விற்கிறார். ஒரு சமயம், வான்நீலப் பருத்தித் துணி 150 மீட்டர் வாங்கி, குர்த்தா ஒன்றுக்கு இரண்டரை மீட்டராக 60 தைத்து அனுப்பினார். அவை விரைவில் விற்றுப்போயின. கடைக்காரர் மேலும் 80 கேட்டார். அண்ணி அதே துணிக் கடைக்குச் சென்று, அதே எண்ணைச் சொல்லி 200 மீட்டர் வாங்கி வந்தார். தைத்து அனுப்பிய பின்னரே உண்மை புலனாயிற்று. முன்னே அனுப்பியவற்றுள் எஞ்சியிருந்த இரண்டின் அருகே புதியவற்றைத் தொங்கவிட்டபோது, நீலம் நீலமாகவே இருந்தது. ஆனால் அதே நீலமாக இல்லை. எண்பதும் திரும்பி வந்தன. துணி விலைக்கும் குறைவாகவே அவற்றை விற்க நேர்ந்தது. அம்மாத வாடகைக்கு அண்ணி தம் வளையலை அடகு வைத்தார்.

“கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா, அண்ணி?” என்று கேட்டேன். “இல்லை தம்பி, நான்தான் கேட்கத் தவறிவிட்டேன்” என்றார்.

அவர் கேட்கத் தவறியது என்ன? சாயத் தொட்டியில் ஒவ்வொரு தடவையும் இறக்கப்படும் துணி ஒரு தொகுதி. வணிகர் அதனை ‘லாட்’ என்பர். நிறத்தின் எண் ஒன்றாயினும், தொகுதி மாறினால் சாயல் சற்றே மாறக்கூடும். ஆகவே, “இதே லாட்டில் எத்தனை தான் இருக்கிறது?” என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ‘தான்’ என்பது வடநாட்டு வழக்கில் முழுத் துணிச் சுருள். தேவை முழுவதையும், பழுதுக்கென்று நூற்றுக்கு ஐந்து மீட்டர் சேர்த்து, ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். கடை விளக்கொளியை நம்பாமல், வாசலுக்குக் கொணர்ந்து பகலொளியில் பார்க்க வேண்டும். ஓர் ஆடையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே சுருளிலிருந்து வெட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்வி: இது ஓடும் சரக்கா, மிச்சச் சரக்கா? வெள்ளைப் பாப்லின், கேம்பிரிக் போன்றவை பெரும்பாலும் ஓடும் சரக்கு. மீண்டும் மீண்டும் வரும். ஏற்றுமதியில் எஞ்சிய துணி மிச்சச் சரக்கு. விலை மலிவு, ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனை வாங்கக் கூடாது என்பதில்லை. “இவ்வளவுதான் தைப்போம்” என்று ஆடைக் கடைக்கு முன்னரே சொல்லிவிட்டு வாங்கினால் தொல்லையில்லை.

மூன்றாவது, அளவும் தன்மையும். 44 அங்குலம் என்று சொல்லப்படும் பன்னாவை, அதாவது அகலத்தை, நாமே அளந்து பார்ப்பது நலம்; ஓர் அங்குலம் குறைந்தாலும் வெட்டுக் கணக்குப் பிழைக்கும். அரை மீட்டர்ச் சதுரம் ஒன்றைக் குறித்து, நனைத்துத் துவைத்து, உலர்த்தி அளக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் நாற்பத்தெட்டரையாகக் குறைந்தால், சுருக்கம் நூற்றுக்கு மூன்று. ஒரு மீட்டர் நீளமுள்ள குர்த்தா, முதல் துவைப்பிலேயே மூன்று சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். நூலிழை ஒன்றைக் கொளுத்திப் பார்த்தால், தூய பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் மென்சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கடினமான மணியாகும்.

இவை யாவும் அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் சேமிக்க எண்ணியே பலர் ஆண்டு முழுவதன் உழைப்பையும் இழக்கின்றனர். பெரிய நிறுவனம் ஆடையை முதலில் வரைந்து, அதற்கேற்ற துணியைச் செய்விக்கிறது. சிறு தொழிலாளர்க்கு அவ்வசதி இல்லை. துணியை முதலில் கண்டு, அதன் அளவையும் இயல்பையும் அறிந்து, அதற்கேற்ப ஆடையைத் திட்டமிடுவதே அவருக்குப் பாதுகாப்பு.

அண்ணி இப்போது துணிக் கடைக்குச் செல்லும்போது, பையில் அளவு நாடா ஒன்றும், சிறு குறிப்பேடு ஒன்றும் இருக்கும். அக்குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு துணித் துண்டு ஒட்டப்பட்டு, அருகே லாட், பன்னா, சுருக்கம், நாள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். முதற்பக்கத்தில் ஒட்டப்பட்டிருப்பவை இரண்டு நீலத் துண்டுகள். வளையலை அவர் மீட்டுவிட்டார். அந்தப் பக்கத்தை மட்டும் கிழிக்கவில்லை.