சனிக்கிழமைக் குளிசை
(தோட்ட மாதர் அணிக் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழு ஆற்றிய உரை)



சம்பள விசயத்தைத் தலைவர் அடுத்துப் பேசுவார். நாங்கள் பேச வந்தது ஒரு சின்ன மஞ்சள் குளிசையைப் பற்றி.

மேல் டிவிசனில் ஒரு அக்கா இருக்கிறார். இருபது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கை. விடியற்காலையில் விரல் மடங்காது, தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாது. கிளினிக்கில் முடக்குவாதம் என்று சொல்லி, மெத்தோட்ரெக்சேட் என்ற குளிசையை எழுதிக் கொடுத்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் நாலு குளிசை போட வேண்டும். மருந்துப் பையில் எழுதியிருந்ததோ அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். பிரஷர் குளிசையைத் தினமும் போட்டுப் பழகியவர், இதையும் தினமும் நாலு போட்டார்.

ஆறாம் நாள் வாயெல்லாம் புண். சோறு விழுங்க முடியவில்லை. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தார், எண்ணெய் தேய்த்துக் குளித்தார். குளிசையை மட்டும் விடவில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. மருந்தின் விசத்தை முறிக்க வேறு மருந்து ஏற்றி, பல நாள் வார்டில் வைத்திருந்து காப்பாற்றினார்கள். நாங்கள் பக்கத்து லயத்தில்தான் இருந்தோம். வெந்தயம் கொடுத்ததே எங்களில் ஒருத்திதான். அந்த உறுத்தலில்தான் டாக்டரிடமும் நர்ஸ் மிஸ்ஸிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு இங்கே வந்து நிற்கிறோம்.

நாங்கள் டாக்டர்கள் இல்லை. இது கெட்ட மருந்து என்று சொல்லவும் வரவில்லை. முடக்குவாதத்தில் உடம்பின் காவல் சக்தியே தவறிப்போய் சொந்த மூட்டைத் தாக்குகிறது. சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோயில் தோலைத் தாக்குகிறது. இந்த மருந்து அந்தக் காவலை அடக்கி வைக்கிறது. விரல் கோணிப்போகாமல் காப்பாற்றுகிற நல்ல மருந்து. பலன் தெரிய ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகும். பத்து நாள் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

மஹரகம ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கும் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள். அந்த அளவு வேறு, கணக்கும் வேறு. "அவங்க அவ்வளவு போடுறாங்க, நமக்கு ஏன் இவ்வளவு" என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. குளிசையிலும் 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இரண்டு வகை உண்டு. 2.5 குளிசை நாலு போட்டால் 10. பாமசியில் வகை மாறி 10 குளிசை வந்து, அதிலும் நாலு போட்டால் 40. அதனால் குளிசையின் உருவமோ நிறமோ மாறியிருந்தால், கேட்காமல் வாயில் போடாதீர்கள்.

இதோடு போலிக் அசிட் குளிசையும் தருவார்கள். மருந்து வாய்க்கும் வயிற்றுக்கும் செய்கிற கெடுதலைக் குறைக்க அது. அதுவும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் குளிசைதான்! இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். போலிக் அசிட்டை எந்த நாளில் போடுவது என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கிழமை போடுவது? டாக்டருக்குச் சம்மதமென்றால் சனிக்கிழமை இரவு நல்லது என்பது எங்கள் எண்ணம். மறுநாள் சிலருக்குக் குமட்டும், அசதியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போக வேண்டியதில்லையே. சனிக்கிழமை மறந்து, இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். அதையும் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை வழக்கமான அளவை மட்டும் போடுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டு மடங்கு போடவே கூடாது.

இப்போது சொல்வதைப் பெண்கள் கவனமாகக் கேளுங்கள். மலையில் மலசலகூடம் இல்லை, காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நிற்கிறோம். பிறகு சலக்கடுப்பு வருகிறது. அதற்கு செப்ட்ரின், அதாவது கோட்ரைமொக்சசோல் என்ற குளிசை கொடுப்பதுண்டு. மெத்தோட்ரெக்சேட் போடுகிறவருக்கு அது ஆகவே ஆகாது. இரண்டும் சேர்ந்தால் ரத்தம் உற்பத்தியாவதே நின்றுபோகலாம். தோட்ட டிஸ்பென்சரியோ டவுன் பாமசியோ, எங்கே போனாலும் கிளினிக் கொப்பியை முதலில் நீட்டுங்கள். கை கால் வலிக்குக் கடையில் வாங்குகிற டைக்ளோபெனாக், இபுபுரூபன் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுத்தான். டாக்டர் சொன்னால் மட்டும்.

பிள்ளைக்கு எண்ணியிருப்பவர்களும் வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்று நினைப்பவர்களும் இதைத் தொடக்கூடாது. கரு கலையும், பிள்ளை ஊனமாகும். பால் கொடுக்கும் தாய்க்கும் கூடாது. ஆண்களும் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். கூச்சப்படாதீர்கள்.

சாராயமும் கசிப்பும் ஈரலைத் தாக்கும். இந்த மருந்தும் அதே ஈரலைத்தான் தாக்கும். சம்பள நாளன்று இதை யாரும் கேட்கமாட்டீர்கள் என்பதால் இன்றே சொல்லிவைக்கிறோம், அண்ணன்மாரே.

வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை நோவு, காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்தல், முரசில் ரத்தம், கண் மஞ்சளாதல், வறட்டு இருமலோடு மூச்சு வாங்குதல் – இதில் எது வந்தாலும் அடுத்த குளிசையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு பிரட்டுக்குப் போகிற காய்ச்சல் இல்லை இது. நிலைமை மோசமென்றால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வாந்தி, பேதி அதிகமானாலும் குளிசையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். லயத்தில் யாருக்காவது அம்மாள் போட்டிருந்தால், வேப்பிலை கட்டுங்கள், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் குளிசை போடுகிறவர் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அவருக்கு அம்மை உயிராபத்தாகலாம்.

கடைசியாக ரத்தச் சோதனை. ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். ரத்த அணு, ஈரல், சிறுநீரகம் மூன்றும் எப்படி இருக்கிறது என்று அதில்தான் தெரியும். ஆனால் கிளினிக் நாளில் பேர் போய்விடுகிறது. அதனால் கொப்பியை அடுத்த வீட்டாரிடம் கொடுத்துக் குளிசையை மட்டும் எடுப்பிக்கிறோம். சோதனை நடப்பதில்லை. இது நோயாளியின் அசட்டை என்று பழி போடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். ஒரு நாள் சம்பளமா, ரத்தச் சோதனையா என்று ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அநியாயம். கிளினிக் துண்டைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும் என்ற கோரிக்கையைத் தோட்டக் கமிட்டி நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். இன்றே தீர்மானம் எடுப்போம்.

இன்னொன்று. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. "எந்தக் கிழமை என்று தமிழில் எழுதித் தாங்க" என்று கேட்பது பிச்சை கேட்பதல்ல. எழுத ஆளில்லை என்றால் வாயால் சொல்லச் சொல்லி, நம்மோடு வந்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் இந்தக் குளிசை போடுகிறவர்கள் கொப்பியோடும் மருந்துப் பையோடும் வாசல் மேசைக்கு வாருங்கள். ஓ.எல். படிக்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேர் பேனையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கொப்பியில் இருக்கிற கிழமையைப் பார்த்து, பையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தருவார்கள். கொப்பியில் கிழமை இல்லாதவர்களின் பெயரை நாங்கள் குறித்துக்கொண்டு, அடுத்த கிளினிக்குக்குக் கூடவே வருகிறோம்.