மருந்தா, நஞ்சா?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



'வயலுக்கு மருந்து அடித்தாயிற்றா?' என்று ஒருவரை ஒருவர் கேட்கிறோம். 'அது மருந்தே அல்ல, நஞ்சு' என்று சிலர் மறுக்கிறார்கள். 'எலி மருந்து, வெடிமருந்து என்று நெடுநாளாகச் சொல்கிறோமே, இதுவும் அப்படித்தான்' என்பார் மற்றவர். இரு பக்கமும் நியாயம் உண்டு.

நோயைத் தீர்ப்பது மருந்து. பூசண நோயைத் தடுக்கத் தெளிப்பதை அப்படிச் சொன்னால் ஓரளவு பொருந்தும். ஆனால் பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்வது. களைக்கொல்லி செடியையே கொல்வது. மூன்றையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் தொல்லை பிறக்கிறது.

மருந்து என்றதும் நன்மையே செய்யும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 'இன்னும் ஒரு மூடி ஊற்று, அப்போதுதான் பூச்சி கேட்கும்' என்று அளவைக் கூட்டுகிறோம். நெல்லில் செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தெளித்தால், புகையானைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் மடிகின்றன. புகையானோ முன்னிலும் பெருகுகிறது. தொல்லையைப் பெருக்குவது மருந்தாகுமா?

ஆகவே, கடையில் 'நெல்லுக்கு மருந்து கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பாதித்த பயிரை வேளாண்மை அலுவலரிடம் காட்டி, அவர் பரிந்துரைக்கும் பெயரையும் அளவையும் தாளில் எழுதிச் செல்லுங்கள்.

புட்டியின் மேல் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த குறி அது. அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கடும் நஞ்சு. மஞ்சள் கடும் நஞ்சு. நீலம் நடுத்தர நஞ்சு. பச்சை குறைந்த நஞ்சு. பச்சையும் நஞ்சே என்பதை மறவாதீர்கள்.

வீட்டில், குறிப்பாகப் பிள்ளைகளிடம், நஞ்சு என்றே சொல்லுங்கள். மாத்திரையும் தைலமும் இருக்கும் மாடத்தில் அதை வைக்காமல், தனியே பூட்டி வையுங்கள். யாரேனும் உட்கொண்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 'மருந்து குடித்துவிட்டார்' என்று மட்டும் சொன்னால் எந்த நஞ்சென்று மருத்துவர் எப்படி அறிவார்?

ஊர் வழக்கை ஒரே நாளில் மாற்ற முடியாது. பழக்கத்தில் மருந்து என்று வாயில் வந்தால் வரட்டும். தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன் 'இது எதைக் கொல்ல?' என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.