திருப்பதி சாலையில் ஒரு ரேடார்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைப் பார்த்துவிட்டு வேலூர், சித்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் பலர். திருப்பதிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் முன்னதாக காதங்கி என்றொரு கிராமம் வரும். தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது.

வானிலை பலூன் 30, 35 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடும். செயற்கைக்கோளோ அதைவிடப் பல மடங்கு உயரத்தில் சுற்றுகிறது. ராக்கெட் சில நிமிடங்களில் கடந்துவிடும். இடையிலுள்ள காற்றை நாள் முழுக்க யார் கவனிப்பது?

1990களில் காதங்கியில் இயங்கத் தொடங்கிய எம்.எஸ்.டி. (மீசோஸ்பியர்-ஸ்ட்ரடோஸ்பியர்-ட்ரோபோஸ்பியர்) ரேடார் அதற்காகவே வந்தது. 130 மீட்டர் சதுரத்தில் 1,024 யாகி ஆன்டெனாக்கள். அந்தக் காலத்து மொட்டைமாடி டி.வி. ஆன்டெனாவுக்கு உறவுக்காரர்கள்தான்! 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பினால், காற்றின் கொந்தளிப்பில் பட்டு அதில் துளியூண்டு திரும்பும். திரும்பும்போது அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து காற்றின் வேகம் தெரிந்துவிடும். இதற்கு மழையும் வேண்டாம், மேகமும் வேண்டாம். வெறும் வானமே போதும்.

ஆனால் சுமார் 25 முதல் 60 கிலோமீட்டர் வரை இந்த ரேடாருக்குக் கண் தெரியாது. அந்த இடைவெளியில் பெரும்பகுதியை, பச்சை லேசரை மேலே பாய்ச்சும் லிடார் நிரப்புகிறது. காற்று மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளியிலிருந்து அது வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. மேகமற்ற இரவு அதற்குக் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் லேசருக்கு விடுப்பு, ரேடாருக்குக் கிடையாது.