கொழும்பின் சந்துகளில் உணவு

கொழும்பு மாநகருக்கு முதன்முறையாக வருகின்ற ஒருவர் ‘ஹோட்டல்’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டு, இரவு தங்குவதற்கு அறை கேட்பாராயின், காசுமேசையில் இருப்பவர் அவரை வியப்புடன் நோக்குவார். இலங்கையிலே ஹோட்டல் என்ற சொல் பெரும்பாலும் சோறும் பராட்டாவும் தேநீரும் விற்கின்ற சிறு கடையையே குறிக்கும். அதனினும் சிறிய கடையைச் சிங்கள மக்கள் ‘கோப்பிக் கடே’ என்பர். ஆனால் அங்கே கோப்பி அருந்துவோர் மிகச் சிலரே. எல்லோர் கையிலும் தேநீர்க் குவளைதான். 1869ஆம் ஆண்டில் இந்நாட்டிலே கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளை அழித்தது. அதன் பின்னரே மலைநாடெங்கும் தேயிலை பரவியது. தோட்டங்களை விட்டுக் கோப்பி நீங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கடையின் பெயரை விட்டு அது இன்னும் நீங்கவில்லை.

பெருந்தெருக்களிலே மின்னொளி வீசி நிற்கும் போசனசாலைகளை எவரும் தேடிச் செல்ல வேண்டியதில்லை; அவை தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும். பெயர்ப்பலகையும் இன்றி, நான்கு மேசைகளுடன் சந்துக்குள்ளே இயங்கும் கடைகளைக் கண்டறிவதற்குத்தான் ஒரு வழி வேண்டும். அவ்வழி எளிது. ஓரிடத்தில் வேலை செய்வோர் யாவர், அவர்களுக்குப் பசிக்கும் நேரம் எது என்று நோக்கினாற் போதும். பூங்காக்களின் ஓரத்தில் விடியற்காலையில் நடைபயில வருவோருக்கு வல்லாரை, சாத்தாவாரி முதலிய இலைகளின் சாற்றில் காய்ச்சிய இலைக்கஞ்சி கிடைக்கும். கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டியும் தருவர். நீதிமன்றங்கள் நிறைந்த அளுத்கடைப் பகுதியில் பகலில் வழக்காளிகளுக்கான தேநீர்க்கடைகள் உள்ளன. இரவிலோ அப்துல் ஹமீது வீதியில் கொத்துரொட்டித் தகடுகளின் ஓசை எழும். அளுத்கடை இன்று வெளிநாட்டார் படம்பிடிக்க வரும் இடமாகிவிட்டது. ஆதலின் அதனைப் பற்றி இங்கே அதிகம் கூற வேண்டியதில்லை.

புறக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கே குறுக்குத் தெருக்களில் வெங்காயமும் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. அவற்றைத் தோளிலும் கைவண்டியிலும் கொண்டு செல்வோரை நாட்டாமிமார் என்பர். அவர்களுக்கு வேண்டியது சீனி மிகுந்த சூடான தேநீர். நண்பகல் வரை வயிற்றைத் தாங்கக்கூடிய உணவு. ஆகவே இத்தெருக்களின் உள்ளே, களஞ்சியங்களின் முதுகுப்புறத்தில், ஒருவர் பின் ஒருவராகவே செல்லக்கூடிய ஒழுங்கைகளில் கடைகள் உள. பருப்புக்கறி அங்கே கேட்கக் கேட்கக் கிடைக்கும், மீன்துண்டு ஒன்றுதான். 1909ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட செங்கோடிட்ட பள்ளிவாசலைப் பார்ப்பதற்கு இரண்டாம் குறுக்குத் தெரு வரை வருவோருள் பெரும்பாலோர், அதற்கு ஐம்பது அடி தொலைவிலுள்ள ஒழுங்கையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இக்கடைகளின் வாழ்வு முழுவதும் அத்தொழிலாளரைச் சார்ந்தது. 2011இல் மீன்சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மனிங் சந்தையின் மரக்கறி மொத்த வியாபாரமும் அங்கே சென்றது. சந்தைக்கென நள்ளிரவிலே அடுப்பு மூட்டிய கடைகளுக்கு அதன்பின் யாருக்காக அடுப்பு மூட்டுவது என்ற கேள்வி எழுந்தது.

கோட்டைப் பகுதியில் கந்தோர்கள் மிகுதி. அங்கே நண்பகலில் விற்பனையாவது சோற்றுப் பார்சல். சோறு, பருப்பு, மீன் அல்லது முட்டை, ஒரு மரக்கறி, ஒரு கீரை வறை, ஓர் அப்பளம். இவ்வளவும் ஒரே பொட்டலத்தில். இதற்குக் கடை என்று ஒன்றில்லாமலும் இருக்கலாம். வீட்டிலே அதிகாலையில் எழுந்து சமைத்துப் பொட்டலங் கட்டி அனுப்புகின்ற பெண்கள் பலர். இந்தப் பொட்டலத்தின் வரலாற்றிலே நாட்டின் வரலாறும் சிறிது கலந்துள்ளது. வாழையிலை போய்ப் பொலித்தீன் தாள் வந்தது; 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் அத்தாளுக்குத் தடை வந்தது. 2022இல் சமையல் வாயு கிடைக்காது, கொள்கலன்களுடன் மக்கள் தெருவிலே வரிசையாக நின்ற நாட்களில், சிறு கடைகள் பல மூடப்பட்டன. வேறு சில விறகடுப்புக்குத் திரும்பின. பெரிய விடுதிகள் அக்காலத்தைக் கடந்துவிட்டன. ஒரு நாள் விற்ற பணத்தில் மறுநாள் அரிசி வாங்குகின்றவருக்கு மூன்று நாள் அடுப்பு எரியாவிடின், நான்காம் நாள் எரிப்பதற்கு முதல் இராது.

தமிழர் நினைவில் நீங்காத இன்னொரு வகைக் கடையும் உண்டு, அதுவே சைவக்கடை. யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதம் ஏறி வந்து அரசாங்கக் கந்தோர்களில் இலிகிதராக அமர்ந்த இளைஞர்கள், பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து வாழ்ந்தனர். அவ்வீட்டைச் ‘சமறி’ என்பர். சமறியில் சமைக்க ஆளில்லாதபோது அவர்களைக் காத்தது சைவக்கடையின் மாதக்கணக்குக் கொப்பிதான். சம்பள நாளன்று கடன் தீரும். மறுநாள் புதுக்கணக்குத் தொடங்கும். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கொழும்பிலே தமிழரின் வர்த்தக நிலையங்கள் பெருந்தொகையாக எரியூட்டப்பட்டபோது உணவுக்கடைகளும் தப்பவில்லை. கடைகள் சில மீண்டும் எழுந்தன, சில எழவில்லை. இன்று வெள்ளவத்தையின் கடலோர ஒழுங்கைகளில் மாலை வேளையில் இடியப்பமும் சொதியும், பிட்டும் சம்பலும் கட்டிக் கொடுக்கும் சிறு அடுக்களைகள் உள்ளன. காலி வீதியில் நின்று பார்ப்பவருக்கு அவை தென்படா. அயலவரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் பொதிந்து சூடேற்றும் ‘லம்பிரைஸ்’ பறங்கியரின் உணவு. சோற்றை வெறும் நீரில் அன்றி இறைச்சிச் சாற்றில் வேகவைப்பதே அதன் சிறப்பு. தும்முல்லைச் சந்திக்கு அண்மையில், 1908இல் நிறுவப்பட்ட டச்சுப் பறங்கியர் சங்கத்தின் கட்டடத்தில் அது கிடைக்கும். பறங்கியரிற் பெரும்பாலோர் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். பொதி மட்டும் எஞ்சியுள்ளது.

ஆயினும் நகரத்தின் சுவையை ஒரே இடத்தில் அறிய விரும்புவோர் கொம்பனித்தெருவுக்கே செல்ல வேண்டும். ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்த இடமாதலின் ஆங்கிலத்திலே ‘அடிமைத்தீவு’ எனப் பொருள்படும் பெயர் அதற்கு நெடுங்காலம் வழங்கிற்று. யாவா முதலிய தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுவந்த மலாயர் பின்னர் பிரித்தானியரின் இலங்கைத் துப்பாக்கிப் படையில் சேவை செய்தனர். அப்படை 1873இல் கலைக்கப்பட்டது. மலே வீதி, ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி என்னும் பெயர்கள் அச்சரித்திரத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வேகந்தைப் பள்ளிவாசலும் 18ஆம் நூற்றாண்டு மலாயரின் நினைவுச் சின்னமே.

அங்குள்ள மலாய உணவுகளுள் நாசி கோரெங் எங்கும் பரவிவிட்டது. பரவாதது ‘பிட்டு பாபத்’. பாபத் என்பது மாட்டின் இரைப்பை. அதனைச் சுண்ணாம்பிட்டும் கொதிநீர் ஊற்றியும் சுரண்டிச் சுத்தஞ் செய்தல் வேண்டும். பின்னர் மிருதுவாகும்வரை நெடுநேரம் அவித்து, மிளகாயும் மல்லியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கறியாக்குவர். பொறுமையில்லாதவர் கையில் அது உண்ணத்தகாத பண்டமாகிவிடும். விலைகுறைந்த உறுப்பு ஒன்றை உழைப்பினால் விருந்தாக மாற்றிய சமையல் இது. உடன் வைப்பதோ தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கே தமதென்று கருதும் அரிசிமாப் பிட்டு. இத்தீவின் மக்கள் கலந்து வாழ்ந்தமைக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் மேடைப் பேச்சுகளை விட இந்தக் கோப்பை நம்பத்தக்கது.

கொம்பனித்தெருவின் நிலம் இன்று பெருவிலை பெறுகின்றது. 2010ஆம் ஆண்டில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் ஜாவா ஒழுங்கை முதலிய இடங்களிலும் பழைய குடியிருப்புகள் அகன்று, வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. பழைய குடிகளுக்கு அடுக்குமாடி வீடுகள் வழங்கப்பட்டன. குழாய் நீரும் தனிக் கழிப்பறையும் உள்ள வீட்டை எவரும் குறைகூறார். ஒடுங்கிய சந்து வாழ்க்கையின் துன்பங்களை அதில் வாழாதவரே புகழ்வர். ஆனால் வீட்டு முன்திண்ணையில் பலகை போட்டுப் பிட்டு விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் திண்ணை ஏது? தெருவால் செல்பவன் அவள் வாசலைக் காணான். தொலைபேசியிற் கேட்பவருக்குச் சமைத்துக் கொடுக்கலாம். அதற்கு அவள் இருப்பதை அவர்கள் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

எஞ்சிய கடைகள் சில இன்னும் புகையிரத நிலையத்தைச் சூழ்ந்த வீதிகளில் உள. பாபத் கறி எல்லா நாளும் இராது. இருக்கும் நாளிலும் காலையிலேயே முடிந்துவிடும். ஒருநாள் முன்னதாகவே போய் விசாரித்து, மறுநாள் எட்டு மணிக்கு முன் அங்கே சென்று அமர்தல் நன்று.